நம் குடும்பத்துத் தலைவலி

சிவா,

இதைத் தமிழில் எழுதுகிறேன். நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். அந்த எழுத்துகளை உனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் ஒரு பார்வை பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடுவாய். ஹிந்தியில் நாம் பேசிக்கொள்வோமே தவிர எழுதிக்கொண்டதில்லை. இது மெதுவாகப் படிக்க வேண்டிய கடிதம். புரியாத சொல் வந்தால் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேள். அவளுக்குத் தெரியாமல் இதில் ஒன்றும் எழுதவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டு, நான் எழுதுவதை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

உன் பெரியப்பா மகள் லதாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்த மறுநாள் நீ லம்பாசா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாய். "அப்பா, நான் மெல்போர்ன் போகலை. உங்களுக்கும் இருக்கு, லதா அக்காவுக்கும் இருக்கு. ரெண்டு பேரையும் இங்க விட்டுட்டு அங்க போய் நான் என்ன ஆராய்ச்சி பண்றது? நான் கிளறாம இருந்திருந்தா அவங்க நிம்மதியா இருந்திருப்பாங்க" என்று ஹிந்தியில் சொன்னாய். நான் "சரிப்பா, யோசி" என்று மட்டும் சொன்னேன். நான் ஒத்துக்கொண்டதாக நீ நினைத்திருப்பாய். எனக்கு இப்போதெல்லாம் பதில் தாமதமாகத்தான் வருகிறது என்பது உனக்குத் தெரியும். யாராவது ஒன்று கேட்டால், அதற்கான பதில் எங்கோ தூரத்திலிருந்து நடந்து வருகிற மாதிரி இருக்கிறது. அன்றைக்கு அது வந்து சேருவதற்குள் நீ போனை வைத்துவிட்டாய். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். நீ போக வேண்டும். ஏன் போக வேண்டும் என்பதைச் சொல்ல, உனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்து முதலிலிருந்து சொல்கிறேன்.

உன் தாத்தாவை நீ பார்த்ததில்லை. நம் ஃபிஜியில், புலிலேகாவில் கரும்பு போட்டவர். தலைவலி வந்தால் ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குள் போய்ப் படுத்துவிடுவார். கண்ணுக்குள் மின்னுகிறது என்பார். ஐம்பது வயது ஆவதற்கு முன்பே அவருடைய வலது கை வேலைக்கு ஆகாமல் போனது. பிறகு ஒரு நாள் கரும்புக் காட்டில் விழுந்தார். எழுந்தபோது என் பெயரையும் பெருமாள் அண்ணன் பெயரையும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டார். வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்றார்கள். அங்கே எல்லோரும் அதே வெயிலில்தான் வேலை செய்தார்கள். அதை யாரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அவர் போன பிறகு நிலத்தின் குத்தகை முடிந்தது. நான் வாத்தியார் வேலை கிடைத்து நவுசோரிப் பக்கம் வந்தேன். அண்ணன் தவுவாவில் பெண் எடுத்து, மாமனார் வீட்டுக் கரும்பையே பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார்.

பெருமாள் பெரியப்பாவைப் பற்றி நீ கேட்டு வளர்ந்தது ஒரே கதைதான். எண்பத்தேழில், நம் ஆட்களுக்கு இடம் கொடுத்த ஆட்சியை ராணுவம் கவிழ்த்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை யாரும் வேலை செய்யக்கூடாது என்று சட்டம் போட்டிருந்த காலம். மாடு பசியில் கத்துகிறதே என்று அண்ணன் ஞாயிற்றுக்கிழமை புல் அறுக்கப் போனார். திரும்பி வரும் வழியில் சாலையில் கட்டையைப் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு கூட்டம் அவரை நிறுத்தியது. கத்தியைப் பிடுங்கிக்கொண்டு, புல் மூட்டையை அவிழ்த்துக் கொட்டி, தலையிலும் முதுகிலும் தடியால் அடித்தார்கள். பக்கத்து கொரோவில், பூர்வகுடிகளின் கிராமத்தில், இருந்த ஒரு ஃபிஜியக்காரர்தான் அவரைத் தன் குதிரையில் உட்கார வைத்து, தான் நடந்தபடியே வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அதற்குப் பிறகு சில மாதங்களில் அண்ணனுக்கு ஒரு கால் இழுத்தது. பேச்சு குழறியது. காரணமில்லாமல் சிரித்தார், அழுதார். பத்து வருஷம் அப்படியே இருந்து செத்துப்போனார். அடித்த அடியில் மூளை கலங்கிவிட்டது என்று ஊரே சொன்னது. கோயில் திருவிழாவில், கல்யாண வீட்டில், எங்கே நம் ஆட்கள் நாலு பேர் கூடினாலும் நான் அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். நமக்கு இந்த நாட்டில் நடந்ததற்கு அதுதான் என்னிடம் இருந்த சாட்சி. அண்ணனின் மகன் குமார் ஊரை விட்டுக் கனடாவுக்குப் போனதும் அந்தக் கதையைச் சுமந்துகொண்டுதான்.

இரண்டாயிரத்தில் மறுபடியும் ஆட்சி கவிழ்ந்தபோது உனக்குப் பதினாறு வயது. சூவாவில் கடைகள் எரிந்த செய்தியைக் கேட்டு அம்மா நம் துணிகளை எடுத்து அடுக்கத் தொடங்கினாள். உன் மாமா ஆக்லாந்திலிருந்து வந்துவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நாமும் விண்ணப்பம் போட்டோம். அது சம்பந்தமாக ஒரு நாள் நவுசோரியிலிருந்து சூவாவுக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோதுதான் எனக்கு முதல் தடவை வந்தது. கடைப் பலகைகளில் இருந்த எழுத்தெல்லாம் எழுத்தாகத் தெரிந்தது, படிக்க மட்டும் முடியவில்லை. ஒரு வாத்தியாருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். இறங்க வேண்டிய இடத்தில் எழுந்தேன், இடது கால் என்னோடு வரவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள், சர்க்கரை பார்த்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. கலவரக் கவலை என்றார்கள். நான் தேறிவிட்டேன். ஆனால் கால் வராமல் போனதை எழுதிவிட்டதால் வெளிநாட்டுக்கான மருத்துவப் பரிசோதனையில் இனி தேறமாட்டேன் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அம்மா அடுக்கியதையெல்லாம் திரும்பப் பீரோவில் வைத்தாள். "போனா மூணு பேரும் போவோம், இல்லைன்னா மூணு பேரும் இருப்போம்" என்றாள். அவளை அன்றைக்கு நான் சரியாகப் பாராட்டவில்லை. இப்போது எழுதி வைக்கிறேன், அவளும் பார்க்கட்டும்.

மீதி உனக்குத் தெரியும். நீ டாக்டராகி முதல் வருஷம் சூவாவில் வேலை பார்த்தபோது எனக்கு இரண்டாவது தடவை வந்தது. என் தலையை எடுத்த படத்தை விளக்குக்கு முன்னால் வைத்து நீ பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வயசுக்கு அங்கே இருக்கக்கூடாத அளவுக்கு வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள். வெளியூரிலிருந்து வந்திருந்த அந்த மூளை நிபுணரம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் அப்பாவுக்குத் தலைவலி உண்டா?" என்பதுதான். அப்படி ஒரு கேள்வியை அதுவரை எந்த டாக்டரும் கேட்டதில்லை. ரத்தம் எடுத்து ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். பதில் வந்தபோது நீ வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினாய். மூளைக்குள் ரத்தம் கொண்டுபோகும் மிக நுண்ணிய குழாய்கள், அவற்றின் சுவர் மெல்ல மெல்லக் கெட்டுப்போகிறது, அதற்குக் காடாசில் என்று பெயர், அபூர்வமானது, ரத்த வழியில் வருவது. அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதைச் சொல்லும்போது நீ பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன்னைப் பற்றி நினைத்திருக்க வேண்டும். அப்போது நான் நினைத்தது அண்ணனைப் பற்றி.

"அப்ப பெரியப்பாவுக்கு?" என்று கேட்டேன்.

"அவருக்கும் இதுதான் இருந்திருக்கும்ப்பா. தாத்தாவுக்கும்."

"அவருக்கு அடிபட்டுதுடா."

"அடிபட்டது எனக்குத் தெரியும். அடி இதைக் கொண்டுவராது."

நான் மேசையைத் தள்ளிவிட்டு எழுந்தேன். என் அண்ணன் பட்டதைப் பொய்யாக்க வந்தாயா, அதற்காகவா உன்னைப் படிக்க வைத்தேன் என்று கத்தினேன். நீ பதிலுக்குக் கத்தவில்லை. "அடிச்சது பொய்னு நான் சொல்லலை" என்று மட்டும் சொன்னாய். அம்மா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அன்றைக்கு நீ சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் ஆனது. அண்ணனை அடித்தது அநியாயம். அவர் மறுநாளே எழுந்து ஓடியாடி இருந்திருந்தாலும் அது அநியாயம்தான். அதற்கு ஒரு நோயைச் சாட்சிக்கு இழுத்து வந்தவர்கள் நாம். அந்த நோய் நமக்குச் சாட்சி சொல்லிக்கொண்டே நம்மில் ஒவ்வொருவருக்குள்ளும் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

மெல்போர்னில் இந்த நோயை ஆராய்கிற குழுவில் உனக்கு இடம் கிடைத்ததும் முதலில் நீ உன் பெரியம்மாவிடம், என் அண்ணியிடம்தான் பேசினாய். குடும்பத்தில் எத்தனை பேரின் ரத்தம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது என்று சொன்னாய். அண்ணி உன்னைப் பேசவே விடவில்லை. என் பேத்திகளை நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்று கேட்டாள். அதன் பிறகு நான் உன்னிடம், கொஞ்ச நாள் பொறு, நான் போய்ப் பேசுகிறேன் என்றேன். நானும் அம்மாவும் தவுவா போனதும், லதா ரத்தம் கொடுக்க ஒத்துக்கொண்டதும் உனக்குத் தெரியும். அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. அண்ணி சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. இப்போது அவளே சொல்லச் சொல்லிவிட்டாள்.

பஸ் பயணம் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று அம்மா டாக்ஸி பேசலாம் என்றாள். நான் பஸ்ஸிலேயே போவோம் என்றேன். ராக்கிராக்கி தாண்டி வெயில் பட்ட மலைகளும் கரும்பும் தெரிந்தபோது, எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனேன். நம் ஆட்கள் போய்விட்ட வீடுகள். சிட்னியிலும் ஆக்லாந்திலும் கனடாவிலும் அவர்கள் இருக்கிறார்கள். என் தாத்தாவின் வழியில் வந்த பிள்ளைகளும் அப்படித்தான் ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறார்கள். ஒருவன் தலைவலி என்று அங்கே டாக்டரிடம் போனால் மாத்திரை கொடுத்து அனுப்புவார். ஒருத்தி பேச்சு குழறி விழுந்தால் அது வேறு ஏதோ ஒன்றாக எழுதப்படும். புலிலேகாவில் ஒரே இடத்தில் இருந்திருந்தால் யாராவது ஒருவர், இந்த வீட்டில் எல்லோருக்கும் ஒரே மாதிரி வருகிறதே என்று கவனித்திருப்பார். கலவரங்கள் நம்மைச் சிதறடித்ததில் இதுவும் சிதறிவிட்டது. இப்போது இதை ஒன்றுசேர்த்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நீதான் என்று பஸ்ஸில் உட்கார்ந்தபடியே எனக்கு உறுதியாகிவிட்டது.

அண்ணி வாசலிலேயே நின்றாள். என் கைத்தடியைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. எல்லாம் தெரிந்துகொண்ட முகம் அது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"வாங்க தம்பி. டீ குடிங்க, சாப்பிடுங்க. ரத்தம் கித்தம்னு மட்டும் பேச்செடுக்காதீங்க."

"அதுக்குத்தான் வந்திருக்கேன் அண்ணி."

அவள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "அவரு அடிபட்டுச் செத்தாரு. அது இந்த ஊருக்கே தெரியும். இப்ப உங்க பையன், அது குடும்பத்து வியாதின்னு எழுதிட்டா, அடிச்சவங்க தப்பிச்சாங்க இல்ல?"

நானும் உன்னிடம் இதையேதான் கேட்டேன். அதனால் எனக்குக் கோபம் வரவில்லை. பதில் வர நேரமாயிற்று. அண்ணி காத்திருந்தாள். பத்து வருஷம் பேச்சு குழறிய அண்ணனோடு இருந்தவள், காத்திருக்கத் தெரிந்தவள்.

"அண்ணி, அடிச்சவங்க அன்னைக்கே தப்பிச்சுட்டாங்க. ஒருத்தன்கூடக் கோர்ட்டுப் படி ஏறலை. இன்னும் மாட்டிக்கிட்டு இருக்கறது நாமதான்."

அம்மாதான் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, அவருக்கு அதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்லையா?"

அண்ணி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். "அந்த வருஷம் கரும்பு வெட்டும்போதே கையிலேர்ந்து கத்தி விழும். குனிஞ்சு எடுப்பாரு, மறுபடி விழும். கால் லேசா இழுக்கும். யங்கோனா குடிச்ச மயக்கம்னு கூட வெட்டறவங்க சிரிப்பாங்க. அவரு குடிக்காத நாள்லயும் விழும். எனக்குத் தெரியும். அந்தக் கலாட்டாவுக்கு முன்னாடியே தெரியும்."

"அப்புறம் ஏன் அண்ணி சொல்லலை?"

"யார்கிட்ட சொல்றது? அடிச்சுட்டாங்கன்னு சொன்னா ஊரே வந்து கூட உக்காந்து அழுதது. அரிசி கொண்டாந்தாங்க, எங்க கரும்பைச் சேர்ந்து வெட்டிக் கொடுத்தாங்க. குடும்பத்து வியாதின்னு சொல்லியிருந்தா ஒருத்தர் வந்திருப்பாங்களா? என் புள்ளைங்களை யாரு கட்டியிருப்பாங்க?"

சிவா, நான் அவளைக் குற்றம் சொல்லவில்லை. நீயும் சொல்லக்கூடாது. நோயோடு இருந்த புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, யார் எப்போது விரட்டுவார்களோ என்று பயந்திருந்த காலத்தில், அவள் கையில் இருந்த ஒரே பிடிமானம் அந்தக் கதை. அதில் பொய் ஒன்றும் இல்லை. பாதியைத்தான் சொல்லியிருந்தாள்.

லதா அடுத்த வீட்டிலிருந்து வந்து சமையலறைக் கதவோரம் நின்றிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. டவுனில் துணிக்கடையில் வேலை செய்கிறாள், சாப்பாட்டு நேரத்துக்கு வந்திருக்கிறாள். உன்னைப் போலவே அவளுக்கும் தமிழ் காதில் ஏறும், வாயில் வராது. முழுவதையும் கேட்டிருக்கிறாள். என்னிடம் வந்து, "ஹமார் பி லே லோ, காக்கா" என்றாள். என்னுடையதையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் சித்தப்பா என்று. அண்ணி பதறி எழுந்தாள். "உனக்கு ரெண்டு பொண்ணு இருக்குடி." லதா ஹிந்தியிலேயே பதில் சொன்னாள். அவர்களுக்காகத்தான் என்றாள். மாசத்துக்கு ஒரு தடவையாவது கண்ணில் ஒளி வளைந்து வளைந்து ஓடுகிறதாம், பிறகு தலைவலி, ஒரு பக்கக் கை மரத்துப்போகிறதாம். கல்லாவில் நிற்கும்போது எண்கள் மறந்துவிடுகிறதாம். பைத்தியம் பிடிக்கப்போகிறது என்று நினைத்து வருஷக்கணக்காகப் புருஷனிடம்கூடச் சொல்லாமல் இருந்திருக்கிறாள். அண்ணி மகளின் கையைப் பிடித்து, அந்த உள்ளங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எந்தக் கை?" என்று கேட்டாள். லதா காட்டினாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அண்ணி மறுத்துப் பேசவில்லை.

நாங்கள் கிளம்பும்போது ஒன்று மட்டும் கேட்டாள். "உங்க பையன் இதையெல்லாம் எழுதும்போது, அவரைப் பத்தி எழுதற இடத்துல அடிச்சாங்கன்னும் எழுதணும் தம்பி. புல்லு அறுக்கப் போனதுக்கு அடிச்சாங்கன்னு எழுதணும்." எழுதுவான் அண்ணி என்று உன் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டேன். தலையில் அடிபட்டதா என்று உங்கள் குழு எல்லாக் குடும்பங்களிடமும் எப்படியும் கேட்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். கேட்கும் இடத்தில் எழுது. அடி தனியாக, நோய் தனியாக, இரண்டையும் எழுது.

இப்போது, நீ போனை வைத்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன். லதாவுக்கு இருக்கிறது என்று நீ அவளிடமும் அவள் புருஷனிடமும் சொன்னாய். அவளுடைய நிம்மதியைக் கெடுத்துவிட்டதாக நினைக்கிறாய். அவள் அடுத்த நாள் எனக்குப் போன் செய்தாள். அழுதாள், இல்லை என்று சொல்லமாட்டேன். பிறகு, பைத்தியம் இல்லை என்று தெரிந்ததே போதும் காக்கா என்றாள். அவள் புருஷன் அன்றைக்கே வேலையிலிருந்து வந்து, வீட்டில் சிகரெட் பிடிப்பதை விட்டுவிட்டானாம், நீ சொன்னாய் என்று. தலைவலி வருகிற நாளில் உட்கார்ந்து வேலை செய்யக் கடை முதலாளியிடம் ஒரு நாற்காலி கேட்டு வாங்கியிருக்கிறாள். இத்தனை வருஷமாக அதைக் கேட்க அவளுக்கு ஒரு காரணம் இல்லாமல் இருந்தது.

அண்ணி செய்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. குமாருக்கு நான் சொல்லட்டுமா என்று கேட்டதற்கு, வேண்டாம், பெத்தவ நான் சொல்றேன் என்றாள். கனடாவுக்குத் தானே போன் போட்டு, கத்தி விழுந்ததிலிருந்து எல்லாவற்றையும் அவனிடம் சொல்லியிருக்கிறாள். அவனுக்குக் கோபம். இத்தனை வருஷமும் எங்களை ஏமாற்றினாயா, எதை நம்பி நான் ஊரை விட்டேன் என்று கேட்டிருக்கிறான். "நான் சொன்னதும் நெசம்தான்டா. சொல்லாம விட்டதும் நெசம்தான்" என்றாளாம். அவன் போனை வைத்துவிட்டான். அண்ணி சாப்பிடாமல் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலத்துக்குள் அவனே கூப்பிட்டான். தனக்கும் தலைவலி உண்டு என்றான். மெல்போர்னில் சிவாவின் நம்பர் என்ன என்று கேட்டான்.

மெல்போர்ன் நம்பரைத்தான் கேட்டான். நீ போய்விட்டதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறான். அண்ணி என்னிடம் அந்த நம்பரைக் கேட்டபோது நான், இன்னும் கொடுக்கவில்லை, கொடுப்பான் என்றேன்.

நீ இங்கே இருந்தால் எங்களுக்கு என்ன செய்வாய்? என் ரத்த அழுத்தத்தைப் பார்ப்பாய், லதாவுக்கு மாத்திரை எழுதிக்கொடுப்பாய். அதை லம்பாசாவில் உன்னோடு வேலை செய்கிற யாரும் செய்வார்கள். இதற்கு இன்று மருந்து இல்லை என்று நீதான் சொன்னாய். இல்லாத மருந்தை எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு உன்னால் கொடுக்க முடியாது. அது எங்கேயாவது, யாராவது, பல குடும்பங்களின் ரத்தத்தையும் படங்களையும் பல வருஷம் பார்த்துப் பார்த்துத்தான் வரும். எனக்கு வந்து சேராது என்று தெரியும். லதாவுக்குச் சேருமா என்று தெரியாது. அவளுடைய பெண்களுக்குச் சேர வேண்டும். கூப்பிடுகிற ஒவ்வொரு வருஷமும் நான் அங்கே வந்து அந்தக் குழாய் மெஷினுக்குள் படுக்கிறேன். மூளைப் பரீட்சைக்குக் கட்டைகளை அடுக்கச் சொன்னால் அடுக்குகிறேன், முடியாவிட்டால் முடியவில்லை என்று எழுதிக்கொள்ளட்டும். பிள்ளைகளுக்குப் பரீட்சை வைத்தவன் நான், இப்போது அவர்கள் எனக்கு வைக்கட்டும்.

உன்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீ இன்னும் உன் ரத்தத்தைப் பார்க்கக் கொடுக்கவில்லை. கொடு என்று நான் சொல்லமாட்டேன், வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். லதா தெரிந்துகொள்ள விரும்பினாள், தெரிந்துகொண்டாள். உனக்கு எப்போது வேண்டுமோ அப்போது, வேண்டாமென்றால் ஒருபோதும் வேண்டாம். அந்தக் குழுவில் யாராவது, நீயே பார்க்காமல் மற்றவர்களைக் கேட்கிறாயே என்று சொன்னால், தலைகுனியாதே. ஆனால் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்ள நினைத்தால், அவள் வீட்டாரிடம் பேசுவதற்கு முன்னால் அவளிடம் சொல். எங்கள் குடும்பத்தில் இது இருக்கிறது, எனக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்று உன் வாயால் சொல். ஓடுகிறவள் ஓடட்டும். உன் அம்மா தெரியாமல்தான் என்னைக் கட்டினாள். தெரிந்திருந்தாலும் கட்டியிருப்பேன் என்று இப்போது சொல்கிறாள், பீன்ஸ் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு. அதையும் எழுது என்கிறாள்.

கடைசியாக ஒரு விஷயம். இதற்காகத்தான் நான் போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதுகிறேன். பெருமாள் அண்ணன் கடைசிக் காலத்தில் எனக்குப் போன் செய்து அழுவார். தம்பி உடனே வா, என்னை யாரும் பார்ப்பதில்லை என்பார். நான் லீவு போட்டுவிட்டு ஓடுவேன். அண்ணி அவருக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருப்பாள். ஏன்டா வந்தாய் என்று அவரே சிரிப்பார். அந்த அழுகை அண்ணனுடையது இல்லை, நோயினுடையது என்று நீ எனக்கு விளக்கினாய். எனக்கும் அது வரலாம். ஒரு நாள் நான் உனக்குப் போன் செய்து அழலாம். பெற்ற அப்பனை விட்டுவிட்டுப் போனாயே என்று சொல்லலாம். உன்னைச் சபிக்கக்கூடச் செய்யலாம். அன்றைக்கு அம்மாவிடம் பேசு. அவள் வா என்று சொன்னால் வா. நான் சொன்னால் வராதே. அந்த நாளில் பேசுகிறவனைவிட இன்று எழுதுகிறவனுக்குத்தான் உன்னை நன்றாகத் தெரியும். இன்றைக்கு எனக்கு மூளை தெளிவாக இருக்கிறது, கை நடுங்கவில்லை, பக்கத்தில் அம்மா சாட்சி. நீ போ என்று சொல்வது நான்தான், முழு மனதோடு சொல்கிறேன்.

மெல்போர்னுக்கு இன்றைக்கே எழுதிவிடு, வருகிறேன் என்று. கிளம்புவதற்கு முன்னால் நவுசோரிக்கு வந்து நாலு நாள் இரு. அண்ணியும் லதாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மெல்போர்ன் விமானம் புறப்படும் நாந்திக்கு இங்கிருந்து போகிற சின்ன விமானத்தில் உன்னை ஏற்றிவிட நாங்கள் எல்லோரும் வருவோம். அந்த இடத்தில் நான் உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு போகாதே என்று சொன்னாலும் சொல்லுவேன், இப்போதே எச்சரித்துவிடுகிறேன். என் விரல்களை மெதுவாக எடுத்து அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு, ஏறு.

அப்பா